சிறுதேரும் பாவையும் செய்த கைகள்: திருத்தணியை முன்வைத்துச் சிறார் விளையாட்டுப் பொருள்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இலக்கியத்தில் இடம்பெறும் சிறுதேர், பாவை, கிலுகிலி, சிற்றில் முதலிய விளையாட்டுப் பொருள்கள் பெரும்பாலும் பண்டைத் தமிழரின் பொழுதுபோக்கிற்கும் செல்வ வளத்திற்கும் சான்றுகளாகவே தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றைச் செய்தவர் யார் என்னும் வினா ஆய்வுகளில் முதன்மை பெறவில்லை. அவ்வினாவைப் பாடல்களே எழுப்புகின்றன என்பதையும், அதனைத் தவிர்க்கும்போது பாடலின் பொருளே குறைவுபடுகிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. சங்கப் பாடல்கள், நாச்சியார் திருமொழி, பிள்ளைத்தமிழ் ஆகியவற்றிலிருந்து தேர்ந்த இடங்கள் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் திருத்தணிப் பகுதி இவ்வினாவை இன்றைய சூழலில் வைத்துப் பார்க்கும் களமாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: சிறுதேர், பஞ்சாய்ப் பாவை, கிலுகிலி, சிற்றில், மரப்பாச்சி, திருத்தணி, கைவினை.

முன்னுரை

திருத்தணி முருகன் கோயிலுக்கு ஏறும் படிகள் 365 என்றும், அவை ஆண்டின் நாள்களைக் குறிப்பன என்றும் அடியார் கூறுவர். முருகனின் சினம் தணிந்த இடமாதலின் தணிகை எனப் பெயர் பெற்றது என்பது புராண வழக்கு. வள்ளியை மணந்த தலம் என்னும் சிறப்பும் இதற்கு உண்டு. ஆடிக் கிருத்திகையின்போது காவடி சுமந்து வரும் பெருங்கூட்டத்தில் குழந்தைகளும் உளர். கோயிலுக்குச் சென்று திரும்பும் குழந்தையின் கையில் ஏதேனும் ஒரு விளையாட்டுப் பொருள் இருப்பது தமிழ்நாட்டுத் திருவிழாக்கள் அனைத்திற்கும் பொதுவான காட்சியாகும். ஒரு தலைமுறைக்கு முன்னர் அப்பொருள் ஓலைக் கிலுகிலுப்பையாகவோ, ஓலைக் காற்றாடியாகவோ, மரச் செப்பாகவோ, மண் பொம்மையாகவோ இருந்தது. இன்று அது பெரும்பாலும் நெகிழியால் ஆனது.

இம்மாற்றம் குறித்த இரங்கல் புதிதன்று. ஆயினும் அவ்விரங்கல் பொருளைப் பற்றியதாகவே நின்றுவிடுகிறது. ஓலை போய் நெகிழி வந்தது என்கிறோம். ஓலையைப் பின்னிய கை என்னவாயிற்று என்று கேட்பதில்லை. இலக்கிய ஆய்விலும் இதே நிலைதான். சங்கப் பாடல்களில் வரும் விளையாட்டுப் பொருள்களைத் தொகுத்த ஆய்வுகள் பல உள்ளன. அவற்றில் பொருளின் பெயர் உண்டு, ஆடியவர் உண்டு, ஆடிய இடமும் உண்டு. ஆக்கியவர் மட்டும் இல்லை. இவ்விடைவெளி பாடல்களிலேயே உள்ளதா, அல்லது நம் வாசிப்பில் நேர்ந்ததா என்பதே இக்கட்டுரையின் வினா.

பட்டியலின் பயனும் எல்லையும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கினுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். பின்வந்த ஆய்வுகள் விளையாட்டை மகிழ்ச்சியின் வெளிப்பாடாக மட்டுமே கண்டதற்கு இவ்வைப்பு முறையும் ஒரு காரணமாகலாம். தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ இத்துறையின் முன்னோடி நூல்களுள் ஒன்று. அது விளையாட்டுகளை ஆண்பாற் பகுதி, பெண்பாற் பகுதி, இருபாற் பகுதி என்றும், பகலாட்டு, இரவாட்டு என்றும் வகுத்து விளக்குகிறது. வழக்கொழிந்து வந்த ஆட்டங்களின் முறையையும் சொற்களையும் காத்த வகையில் அந்நூலின் பயன் பெரிது.

எனினும் ஒரு வகைப்பாடு எதனை அடிப்படையாகக் கொள்கிறதோ அதனையே காட்டும். ஆடுவோரின் பாலையும் ஆடும் பொழுதையும் அடிப்படையாகக் கொண்ட பகுப்பில், ஆடுபொருள் எதனால் ஆனது, யார் செய்தது, யாருக்காகச் செய்தது என்னும் வினாக்களுக்கு இடமில்லை. பாவாணரின் நோக்கம் ஆட்டமே, பொருளன்று. ஆகவே இதனை அவர் குறையாகக் கூறுதல் பொருந்தாது. ஆனால் அப்பகுப்பையே சங்க இலக்கியத்திற்கும் பொருத்தி, ‘சங்ககாலச் சிறுவர் சிறுதேர் உருட்டினர், சிறுமியர் பாவை வைத்து ஆடினர்’ என்று முடித்துவிடும் பிற்கால முறையைக் குறையெனவே கொள்ளவேண்டும். ஏனெனில் அம்முறை பாடல் சொல்லும் செய்தியில் ஒரு பாதியை விட்டுவிடுகிறது.

தச்சன் செய்த தேர்

குறுந்தொகை 61ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். தும்பிசேர் கீரனார் பாடிய இப்பாடலில் தலைவனின் வாயிலாக வந்தோர்க்குத் தோழி விடை சொல்கிறாள். தச்சன் செய்து தந்த சிறு குதிரை பூட்டிய தேரில் சிறுவர் ஏறிச் செல்ல இயலாது; கையால் இழுத்தே இன்புறுவர். அதுபோலத் தலைவனோடு கூடி இன்புறாவிடினும், அவனது நட்பை மனத்தில் வளர்த்தே நாங்கள் இன்புற்றிருக்கிறோம் என்பது அவள் கூற்று. இதில் உள்ள எள்ளலை உரைகாரரும் திறனாய்வாளரும் நன்கு காட்டியுள்ளனர்.

இங்குத் தச்சன் எதற்கு? சிறுவர் சிறுதேரை இழுத்து மகிழ்வர் என்று கூறினாலே உவமை நிறைவு பெறுமே. தோழி தச்சனைக் குறிப்பதற்குக் காரணம் பாடலின் பிற்பகுதியில் உள்ளது. அங்குத் தலைவன் நல்ல தேரை உடையவனாகக் காட்டப்படுகிறான். பெருந்தேரும் சிறுதேரும் தச்சன் தொழிலின் ஆக்கங்களே. ஒன்று ஏறிச் செல்வதற்கு. மற்றொன்று இழுத்துத் திரிவதற்கு. தலைவன் ஏறிச் செல்லும் தேர் பரத்தையர் சேரிக்கும் செல்லும். தலைவிக்கு எஞ்சுவது ஏற முடியாத தேரே. தச்சன் என்னும் சொல் இவ்விரண்டையும் ஒரே கைத்தொழிலின் கீழ்க் கொண்டுவந்து, அவற்றிடையே உள்ள தொலைவைக் கூர்மையாக்குகிறது. சிறுதேரைப் ‘பொழுதுபோக்கு’ என்னும் தலைப்பில் மட்டும் பதிவு செய்யும் வாசிப்பு இக்கூர்மையை இழக்கிறது.

பெரும்பாணாற்றுப்படையில் உழவர் வளமனையைக் கூறும் பகுதியிலும் சிறுதேர் உண்டு. ஏறிச் செல்லாத அந்நல்ல தேரை உருட்டிய புதல்வர், தளர்நடையால் வந்த வருத்தம் தீரச் செவிலியரைத் தழுவிப் பாலுண்டு படுக்கையில் உறங்குகின்றனர். இத்தேருக்கு அடையாக வரும் தொடரில் தச்சர் குலச் சிறாரும், விரும்புதலைக் குறிக்கும் எச்சமும், புனைதலைக் குறிக்கும் எச்சமும் அடுத்தடுத்து நிற்கின்றன. இத்தொடரை இருவகையாகக் கொண்டு கூட்டலாம். தச்சச் சிறார், பிறர் விரும்பும்படி புனைந்த தேர் என்பது ஒன்று. தச்சச் சிறாரும் விரும்பும்படி பிறர் புனைந்த தேர் என்பது மற்றொன்று.

முதற்பொருளில், உழவர் வீட்டுக் குழந்தையின் விளையாட்டுப் பொருளைச் செய்தவர் மற்றொரு வீட்டுக் குழந்தைகள். இரண்டாம் பொருளில், தேர் செய்யும் தொழிலிலேயே பிறந்து வளர்ந்த குழந்தைகளும் தமக்கு வேண்டும் என்று ஏங்கும் தேர் அது. எப்பொருள் கொள்ளினும் அத்தேரின் அருகே ஒரு தச்சக் குழந்தை நிற்பதை மறுக்க இயலாது. ஒரு குழந்தை பாலுண்டு உறங்கும் காட்சிக்குள் மற்றொரு குழந்தையின் உழைப்போ ஏக்கமோ பதிந்து கிடக்கிறது.

இவ்விரண்டனுள் முதற்பொருளே சிறந்தது எனக் கொள்ள அகச்சான்று ஒன்று உண்டு. புறநானூறு 206ஆம் பாடலில் ஔவையார் அதியமானின் வாயில் காவலனை நோக்கிப் பேசுகையில், கலைவல்லோர்க்கு எத்திசையிலும் சோறு கிடைக்கும் என்பதற்கு உவமையாக, மரம் வெட்டும் தச்சனின் கைத்திறம் வாய்ந்த சிறார் மழுவோடு புகுந்த காட்டைக் காட்டுகிறார். தச்சர் வீட்டுச் சிறார் தொழில் பயின்று கைவந்தவர் என்பது அக்காலப் புலவர் அறிந்த செய்தி. அதியமானைப் புகழும் 87ஆம் பாடலில், ஒருநாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தை அவர் உவமை கூறுவதும் இத்தொழிலின் மதிப்பைக் காட்டும். ஆகவே பெரும்பாணாற்றுப்படைத் தேரைத் தச்சச் சிறாரின் கைவினையாகக் கொள்வது இலக்கணத்திற்கும் பிற பாடல்களுக்கும் இயைந்ததே.

பட்டினப்பாலையில் இச்சான்றுகளுக்கு மாறான காட்சி ஒன்று அமைகிறது. உலரும் உணவைக் கவர வந்த கோழியின் மீது மகளிர் எறிந்த பொற்குழை, குதிரையின்றிச் சிறுவர் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியைத் தடுக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைக் காட்டும் பகுதி என்று இதனை எல்லோரும் எடுத்துக்காட்டுவர். அது உண்மையே. இங்குத் தேரைச் செய்தவர் குறிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பொன் மிகுந்த இடத்தில் தச்சன் மறைகிறான். செல்வத்தைப் புகழும் இடத்தில் கை மறைவதும், உறவைப் பேசும் இடத்தில் கை தோன்றுவதும் தற்செயல் அல்ல என்பதைப் பின்வரும் பாடல்கள் உறுதி செய்கின்றன.

இவ்விடத்தில் வடமொழி நாடகம் ஒன்றை ஒப்புநோக்கலாம். பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் ‘மண்ணியற் சிறுதேர்’ என்னும் பெயரில் தமிழாக்கிய சூத்திரகரின் நாடகத்தில், வறுமையுற்ற சாருதத்தனின் மகன் அண்டை வீட்டுச் சிறுவனின் பொன் தேரைக் கண்டபின் தன் மண் தேர் வேண்டாம் என்று அழுகிறான். வசந்தசேனை தன் அணிகலன்களைக் கழற்றி மண் தேரில் இடுகிறாள். அவ்வணிகலன்களே பின்னர் வழக்கு மன்றத்தில் சாருதத்தனுக்கு எதிரான சான்றாகின்றன. எளிய விளையாட்டுப் பொருள் ஒன்று முழு நாடகத்திற்கும் பெயர் தந்திருக்கிறது. அங்கும் வினா பொருளைப் பற்றியதன்று. யாரிடம் எது இருக்கிறது என்பதைப் பற்றியது.

தன் கையால் செய்த பாவை

தேர் தச்சனிடமிருந்து வருவது. பாவையோ பெரும்பாலும் ஆடுவோரே செய்துகொள்வது. மணல், கோரைப்புல், கிளிஞ்சல் எனக் கைக்கு எட்டியவையே அதற்குப் போதும்.

குறுந்தொகை 276இல் தலைவன் தோழியிடம் தன் குறையைச் சொல்கிறான். தலைவி பாவை செய்தபோது உடனிருந்ததையும், அதற்கு வேண்டிய பஞ்சாய்க் கோரையைத் தேடிப் பள்ளங்களைச் சுற்றி அலைந்ததையும், அவளுக்குத் தொய்யில் எழுதியதையும் அவன் நினைவுகூர்கிறான். அவளைக் காப்போர் இவற்றுள் எதனையும் அறியார். முறை தவறாத அரசனின் அவையில் அவளை நிறுத்தி நான் கேட்டால் என்னவாகும் என்பது அவன் வினா. காதலுக்குச் சான்றாக அவன் முதலில் எடுத்துவைப்பது ஒரு கோரைப் பொம்மையை இருவரும் சேர்ந்து செய்த செயலையே. பொம்மை காய்ந்து உதிர்ந்துவிடும்; சேர்ந்து செய்த செயல் உதிராது. அரசவை வரை அதனைக் கொண்டுசெல்லத் தலைவன் துணிவது அதனால்தான். ‘சங்ககால மகளிர் கோரைப்புல்லால் பாவை செய்து ஆடினர்’ என்னும் பட்டியல் வரி இப்பாடலின் உயிரைத் தொடுவதில்லை.

ஐங்குறுநூறு 155இல் அதே பஞ்சாய்ப் பாவை வேறு பொருள் பெறுகிறது. தலைவனின் புறத்தொழுக்கத்தால் வருந்தும் சூழலில், தான் பெற்றெடுத்தது பஞ்சாய்ப் பாவையே என்னும் பொருளில் தலைவியின் நிலை கூறப்படுகிறது. பிள்ளைப் பருவத்துப் பொம்மை, மனைவியான பின் வாராத பிள்ளையின் இடத்தில் நிற்கிறது. குறுந்தொகை 114இலோ தோழி, தலைவி தன் பாவையை நெய்தல் நிலப் பரப்பில் கிடத்திவிட்டு வந்திருப்பதாகத் தலைவனிடம் கூறி, அவளை விரைவில் திருப்பியனுப்ப வேண்டுகிறாள். மீனுண்டு வயிறு நிறைந்த நாரை, மகளாகிய அப்பாவையின் நெற்றியை மிதித்துவிடுமாம். பொன்னாகனாரின் இப்பாடல் குறியிடத்திலிருந்து தலைவியை அழைத்துச் செல்லத் தோழி கூறும் காரணமாக அமைகிறது. ஆனால் அக்காரணம் பொருந்துவது, தான் செய்த பாவையைத் தன் மகளெனக் கொள்ளும் மனத்தை எல்லோரும் அறிந்திருப்பதால்தான்.

திருக்குறளோடு ஒப்பிடின் இவ்வேறுபாடு தெளிவாகும். வள்ளுவர் பாவையை உவமையாக்கும் இடங்களில் அது உயிரற்ற உருவம். நாணமற்றோரின் இயக்கத்திற்கும் (1020), இரப்போர் இல்லாத உலகின் இயக்கத்திற்கும் (1058) மரப்பாவையையும், நுண்ணறிவற்றோரின் அழகிற்கு (407) மண்பாவையையும் அவர் காட்டுகிறார். அங்குப் பாவை, பார்ப்பவரின் பாவை. குறுந்தொகைப் பாவை செய்தவளின் பாவை. பார்ப்பவருக்கு மண், செய்தவளுக்கு மகள். ஒரே பொருள் இருவேறு மதிப்புப் பெறுவதற்குக் கையே காரணமாகிறது.

சிறுபாணாற்றுப்படை தரும் கிலுகிலியும் இவ்வகையைச் சார்ந்ததே. உப்பு வணிகரின் வண்டியோடு வந்த மந்தி, முத்துகளைக் கிளிஞ்சலின் வயிற்றில் அடைத்து, உமட்டியர் ஈன்ற புதல்வரோடு கிலுகிலி ஆடுகிறது. கடற்கரையில் கிடைப்பவற்றைக் கொண்டு அங்கேயே செய்த பொருள் அது. முத்து இங்கே விலைப்பொருளன்று; ஒலி எழுப்பும் பரல் மட்டுமே. பட்டினப்பாலையில் பொற்குழை செல்வமாகவே நின்று தேரைத் தடுக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் முத்து தன் விலையை இழந்து விளையாட்டாகிறது. இவ்விரண்டையும் ‘செல்வச் செழிப்பு’ என்னும் ஒரே தலைப்பில் அடக்குவது பொருந்தாது.

கருவிக்கும் விளையாட்டுப் பொருளுக்கும் இடையே உள்ள நெருக்கத்தையும் இங்குக் கருதவேண்டும். குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் தலைவி தழல், தட்டை, குளிர் முதலிய கிளிகடி கருவிகளைக் கையாள்கிறாள். ஒலி எழுப்பிப் பறவை ஓட்டுவது தொழிலும் ஆகும், விளையாட்டும் ஆகும். தணிகையில் முருகனை மணந்த வள்ளியும் புனம் காத்தவளே. திருத்தணி வழிபாட்டின் மையத்தில் இருக்கும் பெண், கையில் கருவியோடு பரண்மீது நிற்பவள் என்பதை நினைவிற்கொள்வது நலம்.

பிரிந்தோர் விட்டுச்சென்ற பொருள்

விளையாட்டுப் பொருள் உவகைக்கே உரியது என்னும் கருத்தைப் பாலைப் பாடல்கள் மறுக்கின்றன. ஐங்குறுநூறு 375இல் உடன்போக்கில் சென்ற மகளின் பாவையையும் கிளியையும் பார்க்குந்தோறும் தாய் கலங்குகிறாள். நற்றிணை 305இல் மகளின் வரிப்பந்தும் நீரின்றி வாடிய வயலைக்கொடியும் தாயின் கண்முன் நிற்கின்றன. நற்றிணை 12இல் உடன்போக்குக்கு ஒருப்பட்ட தலைவி, தான் விட்டுச்செல்லும் சிலம்பையும் பந்தையும் காணும்போதெல்லாம் ஆயத்தார் வருந்துவரே என்று எண்ணிக் கண்கலங்குகிறாள். பின்னிரண்டு பாடல்களும் கயமனார் பாடியவை.

இப்பாடல்களில் பொருள் ஆடப்படுவதில்லை, பார்க்கப்படுகிறது. ஆடிய கை நீங்கியபின் எஞ்சிய பொருள், அக்கையின் தடயமாகிறது. இதனை ‘சங்ககாலத்தில் பந்தாட்டம் இருந்தது’ என்பதற்கு மேற்கோளாக்குவது பிழையன்று. ஆனால் அத்துடன் நிற்பது தாயின் துயரைக் கணக்கில் கொள்ளாத வாசிப்பே ஆகும்.

சிற்றில் பேசுகிறது, சிறுதேர் பேசவில்லை

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் இறுதி மூன்றும் பெரும்பாலும் விளையாட்டைச் சார்ந்தவை. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியன அமையும். பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, நீராடல், ஊசல் போன்றன உரியன. பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழும் குமரகுருபரரின் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழும் முருகனைக் குழந்தையாக்கி இம்மரபில் நிறுத்துகின்றன.

சிற்றிற் பருவத்தையும் சிறுதேர்ப் பருவத்தையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு தெரியும். சிறுதேர்ப் பருவத்தில் பாடுவோர் பெரியோர். அவர்கள் இறைக் குழந்தையைத் தேர் உருட்டியருள வேண்டுகின்றனர். அத்தேரைச் செய்த தச்சனுக்கு அங்கே குரலில்லை. சிற்றிற் பருவத்திலோ பேசுவோர் மணல்வீடு கட்டிய சிறுமியரே. தாங்கள் அரிதின் இழைத்ததைச் சிதைக்கவேண்டாம் என்று அவர்கள் இறைவனையே தடுக்கின்றனர். விளையாட்டுப் பொருளைச் செய்தவரின் குரல் தன்னிலையில் ஒலிக்கும் அரிய இடம் இது.

இக்குரல் பிள்ளைத்தமிழ் தனி இலக்கிய வகையாக நிலைபெறுவதற்கு முன்னரே ஒலிக்கத் தொடங்கிவிட்டது. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்தில் ஆண்டாள் பாடும் சிறுமியர், வெகுநேரம் குனிந்திருந்து இழைத்ததால் தம் முதுகு வலிப்பதைக் கண்ணனிடம் முறையிடுகின்றனர். மணல்வீடு என்பது ஒரு நொடியில் கலைந்துபோகும் பொருள். அதற்கும் உடல் உழைப்பு உண்டு, வலி உண்டு, எனவே உரிமையும் உண்டு என்று சிறுமியர் வழக்காடுகின்றனர். கந்தபுராணத்தின் திருவிளையாட்டுப் படலத்தில் குழந்தை முருகன் மலைகளையும் கடல்களையும் இடம்மாற்றி ஆடுகிறான். உலகையே விளையாட்டுப் பொருளாக்கவல்ல இறைவனின் முன், ஒரு கைப்பிடி மணலைத் தம்முடையது என்று சொல்லும் சிறுமியரின் துணிவே சிற்றிற் பருவத்தின் சுவை. அச்சுவைக்கு ஆதாரம் ‘நாங்கள் செய்தோம்’ என்னும் உரிமை.

மறுப்பும் விடையும்

இவையனைத்தும் புலனெறி வழக்கின் பாற்பட்டவை. பாவையும் தேரும் மரபுப் பொருள்களே. அவற்றில் உழைப்பையும் உரிமையையும் தேடுவது இக்காலக் கருத்தைப் பழம்பாடலில் ஏற்றுவதாகும் என்று மறுக்கலாம். மரபுப் பொருள்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் மரபுப் பொருளுக்கு அடை தருவதும் தராமல் விடுவதும் புலவரின் தேர்வு. தேர் வரும் எல்லா இடங்களிலும் தச்சன் வரவில்லை. மருதக்கலியில் (81) மகன் கையால் இயக்கி நடைபயிலும் தேரைச் செய்தவர் யாரெனப் பேசப்படவில்லை. அப்பாடலின் கவனம் மகனின் மழலையிலும் தந்தையின் ஒழுக்கத்திலும் உள்ளது. செய்தவரைக் குறிக்கும் பாடல்களில் அக்குறிப்பு பொருளோடு இயைந்தே நிற்கிறது. ஆகவே இக்கட்டுரை கோருவது, பாடல் காட்டும் இடத்தில் செய்த கையைக் காணவேண்டும் என்பதையே. பாடல் காட்டாத இடத்தில் அதனைக் கற்பிக்கவேண்டும் என்பதன்று.

எல்லைப்புறத்துப் பொம்மை

மீண்டும் திருத்தணிக்கு வருவோம். 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக அம்மாநிலத்தில் சேர்ந்த இவ்வூர், ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்திற்குப் பின், 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இப்பகுதியின் வீடுகளில் தமிழும் தெலுங்கும் புழங்குகின்றன. விளையாட்டுச் சொற்களும் அவ்வாறே. தமிழில் பொம்மை, தெலுங்கில் பொம்ம. தமிழில் சிற்றில் என்றும் மணல்வீடு என்றும் வழங்குவதைத் தெலுங்கர் பொம்மரில்லு என்பர். தமிழில் செப்பு அல்லது சொப்புச் சாமான் எனப்படும் சிறு மரப் பாத்திரங்கள் தெலுங்கில் லக்கபிடதலு எனப்படும். அச்சொல் அரக்குப் பூச்சைக் குறித்து நிற்கிறது. ஒரு மொழி வடிவத்தால் பெயரிட்ட பொருளை மற்றொரு மொழி செய்முறையால் பெயரிட்டிருக்கிறது.

எல்லை கடந்த பொருளுக்குச் சிறந்த சான்று மரப்பாச்சி. திருப்பதிப் பொம்மை என்றே பலர் அதனை அழைப்பர். சேசாசலம் மலைத்தொடரில் வளரும் செம்மரத்தில் ஆணும் பெண்ணுமாகச் செதுக்கப்பட்ட இணை, யாத்திரை சென்றோர் வாங்கிவரும் பொருளாகவும், மணமகளுக்குத் தரும் சீராகவும், கொலுவின் முதற்பொம்மையாகவும் தமிழ் வீடுகளில் இடம்பெற்றது. செம்மரம் 1995இல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டது. இன்று மரப்பாச்சிகள் பிற மரங்களிலும் செதுக்கப்படுகின்றன.

மரப்பாச்சியின் ஆக்கத்தில் இக்கட்டுரையின் வினாவிற்கு நேரான விடை உண்டு. தச்சன் அதற்குக் கண், மூக்கு, கைகால்களின் குறிப்பை மட்டும் தருகிறான். ஆடையும் அணியும் வீட்டில் செய்யப்படுகின்றன. கிழிந்த பட்டுத் துணியின் கரை சேலையாகிறது; பாசிமணி ஆரமாகிறது. பாதியைத் தச்சனும் மீதியைக் குழந்தையும் அவள் பாட்டியும் செய்து முடிக்கின்றனர். குறுந்தொகையின் தேருக்கும் பாவைக்கும் இடைப்பட்ட பொருள் அது. உமா மகேஸ்வரியின் ‘மரப்பாச்சி’ சிறுகதையில் அப்பொம்மை வளரும் சிறுமியின் அகத்தோழமையாக வடிவம் பெற முடிந்ததற்கு, முற்றுப்பெறாத அதன் உருவமும் ஒரு காரணம் எனலாம். முழுமையாக முடிக்கப்பட்டு உறைக்குள் வரும் நெகிழிப் பொம்மை குழந்தையிடம் எதையும் கேட்பதில்லை.

இன்றைய சட்டச் சூழலையும் இங்கே சுட்டவேண்டும். பொம்மைகள் (தரக் கட்டுப்பாடு) ஆணை, 2020 என்னும் நடுவண் அரசின் ஆணை 2021 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளின் பாதுகாப்பு கருதிய அவ்வாணையில், கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களின் உரிமையாளர்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, சன்னபட்டணம், கொண்டபள்ளி, ஏட்டிகொப்பாக்கப் பொம்மைகள் போன்றன புவிசார் குறியீட்டால் பெயர் பெற்றுவிட்டன. திருவிழாக் கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்து ஓலைக் கிலுகிலுப்பை பின்னுபவருக்குப் பதிவும் இல்லை; குறியீடும் இல்லை. செய்தவரின் பெயர் அறியப்படாத பொருள் சட்டத்தின் கண்ணிலும் படுவதில்லை. பட்டியலில் கை மறைவது ஆய்வுக்கு மட்டும் நேரும் இழப்பன்று.

முடிவுரை

சங்கப் பாடல்கள் விளையாட்டுப் பொருளைச் செய்தவரை மறக்கவில்லை. தலைவியின் ஏக்கத்தைக் கூர்மையாக்க ஒரு தச்சன் வேண்டப்படுகிறான். உறவின் சான்றாக, சேர்ந்து செய்த கோரைப் பாவை அரசவை வரை கொண்டுசெல்லப்படுகிறது. உறங்கும் குழந்தையின் தேரருகே ஒரு தச்சக் குழந்தை நிற்கிறது. சிற்றில் கட்டிய சிறுமியர் முதுகு வலியைச் சொல்லி இறைவனோடு வழக்காடுகின்றனர். இவர்களை மறந்தது பிற்காலப் பட்டியல் முறையே.

இதனால் மாற்றவேண்டியது ஆய்வேட்டின் இயல் தலைப்பு மட்டுமன்று, வகுப்பறையும்தான். குறுந்தொகை 276ஐக் கற்பிக்கும் ஆசிரியர், பாவை எதனால் ஆனது, யார் கை செய்தது, யாருக்காக என்னும் மூன்று வினாக்களை முதலில் எழுப்பலாம். நுங்கெடுத்த இரு பனங்காய்க் கூடுகளைக் குச்சியால் இணைத்து, கவைக்கோலால் தள்ளி நுங்குவண்டி ஓட்டிய மாணவரும், பூவரசிலையைச் சுருட்டி ஊதல் செய்த மாணவியும் இன்னும் நம் வகுப்புகளில் உள்ளனர். எல்லைப்புறச் சிற்றூர்களிலிருந்து வரும் அவர்கள் தம் கையறிவைத் தமிழிலக்கிய வகுப்பிற்குத் தொடர்பற்ற ஒன்றாகக் கருதுகின்றனர். பாடலில் கோரை தேடி அலைந்தவனின் அனுபவத்தை உரையின் துணையின்றி அறிந்தவர்கள் அவர்களே. அவர்கள் செய்த பொருளைப் பற்றி அவர்களிடமே கேட்டு, அதன் பெயர், மூலப்பொருள், செய்முறை, கற்பித்தவர் ஆகியவற்றை எழுதிவைப்பது எளிதில் தொடங்கத்தக்க கள ஆய்வு. அப்பதிவில் செய்தவரின் பெயரும் இடம்பெறவேண்டும்.